சங்கிலியும் ஷிஃபாவும்: உள்ளக் காயத்துக்கு நம் முன்னோர் செய்த மருத்துவம்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தப்பி ஓட வழியில்லாமல் 28 பேர் மாண்டனர்.

அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பத்தார் எல்லாரும் கல்நெஞ்சர் அல்லர். சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது அவர்களின் தர்கா இருக்கும் ஊரில் தங்கினால் குணமாகும் என்ற நம்பிக்கையோடு வந்தவர்கள் பலர். வேறு போக்கிடம் அறியாதவர்கள் பலர். ஆயினும், உள்ளம் நொந்தவரைப் பிணைத்து வைப்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த வழியா என்ற வினா நம்முன் நிற்கிறது. வரலாற்றைப் புரட்டினால், நம் முன்னோர் சென்ற பாதை வேறு என்பது தெளிவாகும்.

நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் கதீஜா (ரலி) அவர்களையும், அரணாக நின்ற பெரிய தந்தை அபூதாலிபையும் ஒரே ஆண்டில் இழந்தார்கள். அவ்வாண்டுக்குத் துயர ஆண்டு என்றே பெயர் நிலைத்தது. மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபியவர்களின் கண்கள் நீர் சொரிந்தன. மகன் யூஸுஃபைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போனதைக் குர்ஆன் கூறுகிறது. துயரம் ஈமானின் குறைவு என்று எவரும் இவர்களைப் பார்த்துச் சொல்லத் துணிவரோ? குடும்பத்தில் மரணம் நேர்ந்து, துக்கம் கேட்க வந்த பெண்கள் கலைந்து சென்றபின், ஆயிஷா (ரலி) அவர்கள் ‘தல்பீனா’ என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைக் காய்ச்சச் செய்வார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளித்துக் கவலையைச் சற்றுத் தணிக்கும் என்று நபியவர்கள் கூறியதைப் புகாரியில் காண்கிறோம்.

இந்த இதத்தை ஒரு மருத்துவ முறையாக வகுத்தவர் அபூ ஸைத் அல்பல்கீ. இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்கு வட்டாரத்தில் ஏறத்தாழ 850இல் பிறந்து 934இல் மறைந்த பேரறிஞர். உடலையும் உள்ளத்தையும் பேணுவது குறித்து அவர் எழுதிய ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலின் இரண்டாம் பகுதி, கோபம், அச்சம், துயரம், ஓயாத வீண் எண்ணங்கள் ஆகிய நான்கையும் தனித்தனியே ஆராய்கிறது. காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் புலப்படாமல் கவியும் துயரம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். வீட்டில் மருந்தை முன்கூட்டியே வாங்கி வைப்பதுபோல, மனம் அமைதியாயிருக்கும் வேளையில் நல்ல எண்ணங்களைச் சேமித்து, கலக்கம் வரும்போது அவற்றைப் பயன்படுத்தச் சொன்னார். தனிமையைத் தவிர்த்து, நம்பிக்கைக்குரியவரின் அறிவுரையைக் கேட்கவும் சொன்னார். இன்று மனநல ஆலோசகர்கள் பயிற்றுவிக்கும் சிந்தனைப் பயிற்சிகளுக்கு இவை மிக நெருக்கமானவை.

நூலில் இருந்த இந்தக் கனிவைக் கட்டடங்களிலும் கண்டனர். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மருத்துவமனையில் ஏழை, செல்வர் என்ற பேதமின்றி வக்ஃப் வருவாயைக் கொண்டு சிகிச்சை அளிக்கப்பட்டது. மனநோயாளிகளுக்கும் அங்கே இடமிருந்தது. அலெப்போவில் 1354இல் எழுந்த அர்கூன் மருத்துவமனையின் முற்றங்களில் நீரூற்றுகள் அமைந்தன. துருக்கியின் எதிர்னேயில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் நிறுவிய மருத்துவமனையில் நீரோசையும் மலர்மணமும் மெல்லிசையும் சிகிச்சையின் பகுதிகளாயிருந்ததை, 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி எழுதிவைத்துள்ளார். கட்டுமீறியவர்களைப் பிணைத்து வைக்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லாமலில்லை. ஆனால் நோயாளி குணமாகக்கூடிய மனிதர் என்ற எண்ணத்தின்மீதே அம்மருத்துவமனைகள் எழுந்தன.

ஏர்வாடித் தீக்குப் பின் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கிருந்த தனியார் காப்பகங்கள் மூடப்பட்டன. மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடைசெய்தது. இதற்கிடையே, குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில் 2008இல் ‘தவா–துஆ’ என்னும் திட்டம் தொடங்கியது. ‘தவா’ மருந்து, ‘துஆ’ பிரார்த்தனை. துஆவுக்காக வருவோரைத் தடுக்காமல், அதே இடத்தில் மனநல மருத்துவரையும் சந்திக்கச் செய்தனர். பின்னர் ஏர்வாடியிலும் தமிழக அரசு இம்முறையைக் கொண்டுவந்தது. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டுப் பிறகு அல்லாஹ்வின்மீது நம்பிக்கை வைக்குமாறு நபியவர்கள் கற்பித்த பாடமும் இதுவே.

கீழ்பென்னாத்தூர் போன்ற சிற்றூர்களில், இழப்பாலோ விபத்தாலோ வன்கொடுமையாலோ உள்ளம் உடைந்த ஒருவரைக் குறித்து ‘ஜின் தீண்டிவிட்டது’, ‘தொழுகையில் நாட்டமில்லை’ என்று பேசுவது எளிது. அப்பேச்சும் ஒரு சங்கிலியே. அவரருகே அமர்ந்து குறுக்கிடாமல் கேளுங்கள். நடந்ததை விவரிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். உணவும் உறக்கமும் சீராக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். ஓதிப் பாருங்கள், ஓதுவதோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அண்மையில்தான் உள்ளது. வெளியே செல்லத் தயங்குவோர் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

ஏர்வாடியில் மாண்டோருக்காகத் துஆச் செய்வோம். நம் வீடுகளில் மௌனமாக நோவோரை அடையாளம் காணும் கண்களையும், அவர்களிடம் கனிவோடு பேசும் நாவையும் அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.