ஒரு சொட்டு இரத்தத்தின் சரித்திரம்

தேயிலைச் சாயத்தின் நிறத்தைப் பார்த்து, ஒரு மிடறு நாவில் சுழற்றித் துப்பி, அதன் தரத்தைக் கூறிவிடும் நிபுணர்களை, 1883-ம் ஆண்டில் ஏலம் தொடங்கிய நாள்முதல் கொழும்பு நகரம் போற்றி வருகிறது. 1885-ம் ஆண்டில் நானுஓயாவை எட்டிய ரயில்பாதை, வட்டகொடை வழியாக அந்தத் தேயிலைப் பெட்டிகளைச் சுமந்து சென்றது. கொழுந்து கொய்தவளின் இரத்தம் ஏன் வெளிறிக் கிடக்கிறது என்று தோட்டம் தோட்டமாக ஆராயும் பெருமுயற்சியோ 1916-ம் ஆண்டில்தான் இந்நாட்டில் ஆரம்பமாயிற்று.

அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தையே குறிப்பிடுகிறோம். வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகுந்து, சிறுகுடலைக் கவ்வி, இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. மருந்து கொடுத்தார்கள்; புழு விழுந்தது. மலகூடமில்லாத லயத்து மண்ணில் மறுபடி கால் வைத்ததும் புழு திரும்பியது. மலகூடம் கட்டப் பணம் செலவிடத் துரைமார் பலர் தயங்கினர். சோகை பிடித்த உடல் குறைவாகவே வேலை செய்யும் என்பதுதான் அவர்கள் செவியில் ஏறிய வாதம்!

அந்த வெளிறிய இரத்தம் இன்று வேறொரு கேள்விக்கும் விடை கூற அழைக்கப்படுகிறது. நிணநீர்க் கணுக்களைத் தாக்கும் லிம்போமா என்னும் புற்றுநோய் கண்டவர் பிழைப்பாரா, சிகிச்சைக்கு நோய் பணியுமா என்பதை இரத்தத்திலுள்ள அடையாளங்களைக் கொண்டு முன்கூட்டி மதிப்பிடுகிறார்கள். இந்நோய்களில் ஒன்றை 1832-ம் ஆண்டில் முதலில் விவரித்தவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தோமஸ் ஹொட்ஜ்கின். அவருடைய பெயர் நோய்க்கு நிலைத்துவிட்டது. அவருடைய இன்னொரு முகத்தை மருத்துவ மாணவர் அறிவது அரிது. ஹட்சன் பே கம்பெனி கனடாவின் ஆதிக்குடிகளை நடத்திய விதத்தைக் கண்டித்துக் குரல் எழுப்பியவர் அவர். அக்கம்பெனியோடு தொடர்புடைய மருத்துவமனைப் பொருளாளரின் பகையால் 1837-ம் ஆண்டில் பதவி உயர்வை இழந்தார். அதே முப்பதுகளில்தான் நம் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கியிருந்தன.

ஹொட்ஜ்கின் நோய் முற்றியவர்களுக்கென ஒரு கணக்கை 1998-ம் ஆண்டில் ஹாசன்கிளெவர், டீல் என்ற ஜெர்மானியர் இருவர் வெளியிட்டனர். 25 மருத்துவ நிலையங்களின் 5,141 நோயாளிகளைக் கொண்டு வகுத்த கணக்கு அது. மொத்தம் ஏழு அம்சங்கள்; அவற்றுள் நான்கு இரத்தத்தில் காண்பவை. அல்புமின் 4 கிராமுக்குக் கீழே இருந்தால் ஒரு புள்ளி, ஹீமோகுளோபின் 10.5 கிராமுக்குக் கீழே இருந்தால் இன்னொரு புள்ளி. வெள்ளணுக்கள் மிகுந்தாலும், அவற்றுள் லிம்போசைற்றுகள் குறைந்தாலும் ஒவ்வொன்று. ஒரு புள்ளியும் இல்லாதவருள் 84 சதவீதத்தினர் ஐந்தாண்டு வரை நோய் முற்றாமல் இருந்தனர். இரண்டு புள்ளிகள் பெற்றவருள் 67 சதவீதத்தினரே.

இந்த இரண்டைத்தான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். மாவு ரொட்டியும் சாயத்தண்ணியுமாக வாழ்ந்து, பிள்ளைப்பேறுகளில் இரத்தமிழந்த ஒரு பெண், புற்றுநோய் தொடுவதற்கு முன்பே இவ்விரு புள்ளிகளையும் சுமந்திருக்கக்கூடும். (உணவோடு அருந்தும் தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பது இங்கு ஒரு கசப்பான செய்தி.) புற்றுநோயின் அழற்சியும் ஹீமோகுளோபினைத் தாழ்த்தும், அல்புமினைத் தாழ்த்தும். காரணம் எது என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. மெலிந்த உடல் கடும் மருந்தைத் தாங்காது, ஆகவே காரணம் எதுவாயினும் ஆபத்து ஆபத்துதானே என்பார் உளர். அது பாதி உண்மை. இரும்புக் குறைவுக்கு மருந்து உண்டு. அதை நோயின் கொடுமையென்று எழுதி வைத்துவிட்டால் யார் கொடுப்பார்? ஃபெரிட்டின் என்ற புரதத்தை அளந்தால் பெரும்பாலும் வேறுபாடு புலப்படும்: இரும்பு குறைந்தால் அது தாழும், அழற்சியில் உயரும். சிகிச்சை முன்னேறியதால் 1998-ம் ஆண்டுக் கணக்கின் இடைவெளிகள் பின்னர் குறுகிவிட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மற்ற லிம்போமாக்களுக்கு 1993-ம் ஆண்டில் வகுத்த அளவுகோலில் இரத்தத்திலிருந்து எடுத்தது ஒன்றே ஒன்று: லக்டேட் டீஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி. அணுக்கள் சிதையும்போது அது வெளியேறும். ஆனால், எடுத்த இரத்தம் மலைப்பாதையில் நெடுந்தூரம் குலுங்கிச் சென்று, சிவப்பணுக்கள் குப்பிக்குள்ளேயே உடைந்துபோனாலும் அந்த எண் உயர்ந்துவிடும்! பாதையின் குற்றம் நோயாளியின் தலையில் விழும்.

இரத்த நீரில் நியூக்கிளிக் அமிலம் மிதப்பதை மாந்தெல், மேதே என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 1948-ம் ஆண்டில் கண்டனர். (அதே ஆண்டில்தான் இலங்கைப் பாராளுமன்றம் பரம்பரைச் சான்று கேட்டு மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கியது.) புற்றணுக்கள் சிந்தும் மரபணுத் துணுக்குகள், சிகிச்சையின் முதல் ஓரிரு சுற்றுகளில் எவ்வளவு வீழ்கின்றன என்பதைக் கொண்டு பின்விளைவை முன்னறியலாம் என்று 2018-ம் ஆண்டின் ஆய்வொன்று காட்டியது. இரும்புக் குறைவு இந்தச் சோதனையைக் குழப்பாது. அதன் விலைதான் ஏழை நாடுகளுக்கு எட்டாதது.

வட்டகொடையில் கழுத்திலோ கக்கத்திலோ வலியில்லாத கட்டியோடு நிற்கும் பெண்ணுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கட்டியில் ஒரு துண்டெடுத்துப் பார்க்க வேண்டும். அதனோடு ஃபெரிட்டினையும் அளக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளுக்குத் தோட்டம் அவளுக்கு முழுப்பேர் போட வேண்டும்.