அமெச்சூர் வானொலி (இலங்கை)

உரிமம் பெற்ற தனியாள், வணிக நோக்கமின்றி, ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் உலகெங்கும் உள்ள பிறருடன் தொடர்புகொள்ளும் பொழுதுபோக்கு. ‘ஹாம் ரேடியோ’ என்றும் வழங்கும். பள்ளிப் பருவத்தில் மோர்ஸ் ஒலியில் பிடித்த ஆர்வத்தை முதுமைவரை விடாதவர்கள் பலர். இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு உரிமம் வழங்குகிறது; அழைப்புக்குறிகள் 4எஸ் எனத் தொடங்கும்.

பேரிடரில் இந்தப் பொழுதுபோக்கே உயிர்நாடியாவதும் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகள் சிதைந்தன. தெற்கே தொலைபேசி செத்துக் கிடந்தபோது, அமெச்சூர் வானொலியாளர் விக்டர் குணதிலக்கவும் (4எஸ்7விகே) தோழர்களும் அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் சிற்றலையில் இணைத்தனர். அந்தமானில் அமெச்சூர் வானொலியாளர் பாரதி பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளைக் கடத்தினார். இக்கலையின் பெருமைக்கு இவ்விரண்டுமே போதும்.

இத்தகைய பேரிடரில் கல்முனையிலிருந்து கொழும்பை அழைப்பதானால், இரண்டுக்கும் நடுவே மலைநாடு நிற்கிறது. நேர்கோட்டில் செல்லும் 144 மெகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டுவது அரிது. 7 மெகாஹெர்ட்ஸ் அலையோ மேலெழுந்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி மலைக்கு அப்பால் இறங்கும். அதற்கு வேண்டியது ஏறக்குறைய 20 மீட்டர் செப்புக் கம்பி; இரு தென்னைகளுக்கிடையே கட்டி, நடுவில் வெட்டிக் கேபிளை இணைத்தால் அன்டெனா தயார். கார் பற்றரி ஒன்றே கருவியை இயக்கும். கடற்கரையில் உப்புக் காற்று இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும் என்பதால், மூட்டுகளை நீர்புகாமல் அடைத்து, அடிக்கடி சுரண்டிப் பார்க்க வேண்டும்.