அரசாங்க உபகாரச் சம்பளம்: மதிப்பெண் மட்டும் போதுமா? கையெழுத்திடும் முன் இதைப் படியுங்கள்

"ஸ்காலர்ஷிப் கிடைச்சா படிப்பு ஃப்ரீ. வேலையும் ரெடி. வேற என்ன வேணும்?"

தேர்வு முடிவு வெளியாகும் நாள்களில் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அப்பா சொல்வார், அத்தை சொல்வார், பக்கத்து வீட்டு அண்ணனும் சொல்வார். அவர்கள் சொல்வது தவறில்லை. ஆனால் அது பாதி உண்மைதான்.

அரசாங்க உபகாரச் சம்பளம் வெறும் பரிசல்ல, ஓர் ஒப்பந்தம். உங்கள் படிப்புக்கு அரசாங்கம் செலவிடும். படித்து முடித்தபின் நீங்கள் குறிப்பிட்ட ஆண்டுகள் அரசாங்கத்துக்கு வேலை செய்வீர்கள். 18, 19 வயதில் போடும் கையெழுத்து 30 வயதுவரை உங்களுடன் வரக்கூடும்.

யாருக்குக் கிடைக்கும்? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கு என்ன வழி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில்: எல்லாமே ஒன்றல்ல

'ஸ்காலர்ஷிப்' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வகை உண்டு.

• அரசாங்க உபகாரச் சம்பளம்: பொதுச் சேவை ஆணையம் (நாம் பி.எஸ்.சி. என்று சொல்வது), அமைச்சுகள், ஆணைபெற்ற கழகங்கள் ஆகியவை தருபவை. திறமையைப் பார்த்துத் தரப்படும். பணி ஒப்பந்தம் உண்டு. அதுதான் எல்லாரும் சொல்லும் 'பாண்ட்'.

• பல்கலைக்கழகத்தின் சொந்த உபகாரச் சம்பளம்: இதுவும் திறமைக்கானதே. ஆனால் பல உபகாரச் சம்பளங்களுக்குப் பணி ஒப்பந்தம் கிடையாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் 'மெரிட்' உபகாரச் சம்பளம் ஓர் உதாரணம்.

• உதவித்தொகை: நாம் 'பர்சரி' என்று சொல்வது. இது குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரப்படும். திருப்பிக் கட்டத் தேவையில்லை. பணி ஒப்பந்தமும் இல்லை.

இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். கட்டணம் கட்ட உதவி தேவை என்பதற்காக மட்டும் பணி ஒப்பந்தத்துடன் வரும் உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிப்பவர்களும் உண்டு. உதவித்தொகை தமக்குக் கிடைக்கும் என்றே தெரியாமல் இருப்பவர்களும் உண்டு.

பி.எஸ்.சி. உபகாரச் சம்பளத்துக்கு யார் தகுதி பெறுவர்?

பொதுச் சேவை ஆணையம் 1951இல் அமைக்கப்பட்டது. நாட்டின் ஆகப் பெருமைக்குரிய அதிபர் உபகாரச் சம்பளத்துக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுப்பதும் அதுவே. அந்த உபகாரச் சம்பளத்தின் வரலாறு 1885இல் தொடங்கிய அரசியார் உபகாரச் சம்பளம்வரை நீள்கிறது. 1966 முதல் அது அதிபரின் பெயரில் வழங்கப்படுகிறது.

பி.எஸ்.சி. உபகாரச் சம்பளம் தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 'ஏ' நிலை, ஐ.பி. எழுதியவர்களும் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். "நான் பாலிதானே, எனக்கெல்லாம் கிடைக்குமா?" என்று ஒதுங்கி நிற்கத் தேவையில்லை.

உபகாரச் சம்பளம் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கானது. நீங்கள் நிரந்தரவாசி என்றால் குடியுரிமை பெறத் தயாராக இருக்க வேண்டும்.

வேலைப் பாதையும் ஒன்றல்ல. பொது நிர்வாகம், நிபுணத்துவச் சேவை, சீருடைச் சேவை என்று மூன்று பெரும் பிரிவுகள் உள்ளன. கொள்கை வகுக்கும் அதிகாரி, வெளியுறவு அதிகாரி, சட்டத்துறை அதிகாரி, பொறியாளர், காவல்துறை அதிகாரி என்று பலவும் அவற்றில் அடங்கும்.

பி.எஸ்.சி. தவிர மற்ற அமைப்புகளும் தனித்தனியே உபகாரச் சம்பளம் தருகின்றன. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், நிலப் போக்குவரத்து ஆணையம், பொருளியல் வளர்ச்சிக் கழகம், பொதுச் சுகாதாரத் துறை, தற்காப்பு அமைச்சு ஆகியவை சில உதாரணங்கள். ஆசிரியராக ஆசையா? கல்வி அமைச்சின் கற்பித்தல் உபகாரச் சம்பளங்கள் உண்டு.

எதைப் பார்க்கிறார்கள்?

மதிப்பெண் முதல் கதவு. அது திறக்காவிட்டால் அடுத்த கதவுக்குப் போக முடியாது. ஆனால் விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலோர் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்தான். அப்படியென்றால் உங்களை வேறுபடுத்திக் காட்டுவது எது?

பி.எஸ்.சி. தேர்வுமுறையில் பல கட்டங்கள் உண்டு. விண்ணப்பத்துக்குப் பிறகு இணையம்வழி மதிப்பீடு. அதன்பின் உளவியல் நிபுணருடன் உரையாடல். கடைசியில் ஆணைய உறுப்பினர்களுடன் நேர்முகம். உங்கள் பள்ளியின் கருத்தும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

இணைப்பாட நடவடிக்கை, தொண்டூழியம் ஆகியவற்றையும் பார்ப்பார்கள். இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பத்துச் சான்றிதழ்களை அடுக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். "இதை ஏன் செய்தீர்கள்? இதனால் என்ன மாறியது? எங்கே தோற்றீர்கள்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். மூன்று வாரம் செய்துவிட்டு விட்ட பத்து வேலைகளைவிட, மூன்று ஆண்டுகள் ஊன்றிச் செய்த ஒரு வேலையைப் பற்றிப் பேச உங்களிடம் அதிகம் இருக்கும்.

வீட்டில் தம்பி தங்கையைக் கவனித்துக்கொண்டீர்களா? பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படித்தீர்களா? அதைச் சொல்லத் தயங்காதீர்கள். அதுவும் பொறுப்புத்தான். நம்மில் பலர் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று விட்டுவிடுகிறோம்.

நேர்முகத்துக்கு மனப்பாடம் செய்த பதில் உதவாது. நாட்டு நடப்பு தெரிந்திருக்க வேண்டும். அதைப் பற்றி உங்களுக்கென்று ஒரு கருத்தும் இருக்க வேண்டும். தமிழ்ச் செய்தியில் ஒரு விவகாரத்தைப் படித்துவிட்டு அதையே ஆங்கிலத்திலும் படித்துப் பாருங்கள். இரண்டிலும் எது விடுபட்டிருக்கிறது என்று யோசிக்கும் பழக்கம் நல்ல பயிற்சி.

மதிப்பெண் கணக்கில் என்ன மாற்றம்?

உள்ளூர்ப் பல்கலைக்கழக நுழைவுக்கான புள்ளிக் கணக்கு 2026 சேர்க்கையிலிருந்து மாறியுள்ளது. முன்பு அதிகபட்சம் 90 புள்ளி. இப்போது 70. மூன்று 'எச்2' பாடங்களும் பொதுத் தாளும்தான் அடிப்படை.

நான்காவது பாடமும் தாய்மொழிப் பாடமும் உங்கள் புள்ளியை உயர்த்தினால் மட்டுமே சேர்க்கப்படும். அதாவது, தமிழில் நன்றாகச் செய்தால் அது கைகொடுக்கும். சற்றுச் சறுக்கினால் அது உங்கள் புள்ளியைக் கீழே இழுக்காது. தமிழை எடுப்பதா வேண்டாமா என்று தயங்குபவர்கள் இதையும் மனத்தில் வைக்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது பல்கலைக்கழக நுழைவுக்கான கணக்கு. உபகாரச் சம்பளம் தரும் அமைப்பு உங்கள் முழு முடிவுகளையும் பார்க்கலாம்.

'பாண்ட்' என்றால் எத்தனை ஆண்டு?

பி.எஸ்.சி. உபகாரச் சம்பளத்துக்குப் பொதுவாக:

• உள்ளூரில் படித்தால் 4 ஆண்டு
• ஆங்கிலம் பேசாத வெளிநாட்டில் படித்தால் 5 ஆண்டு
• ஆங்கிலம் பேசும் வெளிநாட்டில் படித்தால் 6 ஆண்டு

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 19 வயதில் உள்ளூரில் நான்காண்டுப் படிப்பைத் தொடங்கும் பெண், 23 வயதில் பட்டம் பெறுவார். ஒப்பந்தம் முடியும்போது 27. தேசிய சேவையை முடித்து, 21 வயதில் அமெரிக்காவில் நான்காண்டுப் படிப்புக்குச் செல்லும் இளையருக்கு ஒப்பந்தம் முடியும்போது 31 வயது.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. பிடித்த வேலையென்றால் அந்த ஆண்டுகள் ஓடிவிடும். ஆனால் பிடிக்காத வேலையென்றால்?

நடுவில் விலக முடியுமா என்றால் முடியும். ஆனால் உங்களுக்காகச் செலவான பணத்தை வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டும். படிப்புக் கட்டணம், மாதாந்தரப் படித்தொகை, விமானக் கட்டணம் எல்லாம் அதில் சேரும். வெளிநாட்டுப் படிப்பென்றால் அது பெரிய தொகை. ஒப்பந்தத்தில் பிணையாளர்களும் கையெழுத்திடக் கேட்கப்படலாம். அப்பாவோ மாமாவோ கையெழுத்திட்டால், நீங்கள் விலகும்போது அந்தச் சுமை அவர்கள் வீட்டு வாசலுக்கும் வரலாம்.

இது பணத்தோடு முடியும் விவகாரமா என்ற கேள்வியும் இங்கே எழுந்திருக்கிறது. 1998இல், அப்போது பொருளியல் வளர்ச்சிக் கழகத்தின் தலைவராக இருந்த பிலிப் இயோ, ஒப்பந்தத்தை முறிப்பவர்களின் பெயர்களை வெளியிடும் எண்ணத்தை முன்வைத்தார். விவாதம் நாடாளுமன்றம்வரை சென்றது. "ஒப்பந்தப்படி பணத்தைக் கட்டிவிட்டால் கணக்குத் தீர்ந்தது" என்றது ஒரு தரப்பு. "மக்கள் பணத்தில் படித்தவருக்கு நெறிக்கடமையும் உண்டு, அந்த இடம் வேறொருவருக்குக் கிடைத்திருக்கும்" என்றது மறுதரப்பு. இன்றும் இரண்டு கருத்துகளும் உண்டு. கையெழுத்திடும் முன் நீங்கள் எந்தப் பக்கம் என்று யோசித்துவிடுங்கள்.

கிடைக்காவிட்டால் படிப்பு நின்றுவிடுமா?

நிச்சயமாக இல்லை. இதை உங்கள் பெற்றோரிடமும் சொல்லுங்கள்.

1. கல்விக் கட்டண மானியம். உள்ளூர்ப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்கெனவே ஏற்றுக்கொள்கிறது. இந்தத் திட்டம் 1980இலிருந்து நடப்பில் உள்ளது. அதனால்தான் குடிமக்களுக்குப் பெரும்பாலான படிப்புகளின் கட்டணம் ஆண்டுக்கு ஏறக்குறைய 8,000 முதல் 10,000 வெள்ளியாக உள்ளது. பெரும்பாலான படிப்புகளில் குடிமக்களுக்கு இதில் பணி ஒப்பந்தம் இல்லை. மானியம் பெறும் நிரந்தரவாசிகள், படித்து முடித்தபின் பொதுவாக மூன்றாண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும்.

2. கல்வி அமைச்சின் உதவித்தொகை. 2019 தேசிய தினப் பேரணியில் இது கணிசமாக உயர்த்தப்படுவதாக அறிவிக்கப்பட்டது. வருமானம் ஆகக் குறைந்த குடும்பத்து மாணவருக்குப் பொதுவான பட்டப்படிப்புக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 2,000 வெள்ளியாகக் குறையும் என்று அப்போது கூறப்பட்டது. மருத்துவப் படிப்புக்குச் சுமார் 5,000 வெள்ளி.

இங்கே 'தனிநபர் வருமானம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டின் மொத்த மாத வருமானத்தை வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. வீட்டுக்கு 4,800 வெள்ளி வருகிறது; தாத்தா பாட்டியோடு ஆறு பேர் இருக்கிறீர்கள் என்றால் தலைக்கு 800 வெள்ளி. "எங்க சம்பளத்துக்கு எதுவும் கிடைக்காது" என்று பெற்றோர் சொன்னால், வகுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

3. உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கு. பள்ளிக் காலத்தில் செலவழிக்காத 'எடுசேவ்' பணம் இந்தக் கணக்குக்கு மாற்றப்படும். அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் கட்டணத்துக்கு அதைப் பயன்படுத்தலாம். அண்ணன், அக்கா, தம்பி, தங்கைக்கும் பயன்படுத்தலாம். பலர் இந்தக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை.

4. கல்விக் கட்டணக் கடன். பல்கலைக்கழக மாணவர்கள் மானியத்துக்குப் பிந்திய கட்டணத்தில் 90 விழுக்காடுவரை கடன் பெறலாம். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. பெற்றோரின் மத்திய சேம நிதியிலிருந்து எடுக்கும் வழியும் உண்டு. ஆனால் அது அவர்களின் ஓய்வுக்காலப் பணம். வட்டியோடு நீங்கள் திருப்பிப் போட வேண்டும்.

5. சமூக அமைப்புகள். 1991இல் தொடங்கப்பட்ட சிண்டா, தகுதிபெறும் இந்திய மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்குகிறது.

எப்போது தொடங்குவது?

'ஏ' நிலை முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பல அமைப்புகள் முடிவுகள் வருவதற்கு முன்பே விண்ணப்பங்களை ஏற்கின்றன. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டிலேயே தேடத் தொடங்கலாம். முதல் முயற்சியில் தவறவிட்டாலும் கவலை வேண்டாம். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கக்கூடிய இடைக்கால உபகாரச் சம்பளங்களும் உண்டு.

விண்ணப்பிக்கும் முன் மூன்று வேலைகள்:

• அந்த அமைப்பில் வேலை செய்யும் ஒருவரிடமாவது பேசுங்கள். "ஒரு சாதாரண திங்கட்கிழமை எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள்.

• ஒப்பந்தத்தை முழுசாகப் படியுங்கள். வட்டி விகிதம், தேவையான குறைந்தபட்சப் புள்ளிச் சராசரி, படிப்பை மாற்ற அனுமதி உண்டா என்ற மூன்றையும் தேடிப் பாருங்கள். பிணையாளராகக் கையெழுத்திடப்போகும் பெற்றோருக்குத் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். இரண்டு மொழி தெரிந்த உங்களால்தான் அது முடியும்.

• உதவித்தொகைக்கும் தனியே விண்ணப்பியுங்கள். ஒன்று கிடைக்காவிட்டால் மற்றது இருக்கும்.

கடைசியாக உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "இந்தப் பணம் இல்லாவிட்டாலும் இந்த வேலைக்குப் போவேனா?"

போவேன் என்றால் தைரியமாக விண்ணப்பியுங்கள். தெரியவில்லை என்றால், கட்டணத்தைச் சமாளிக்க மேலே சொன்ன வழிகள் இருக்கின்றன. கட்டணத்துக்குப் பயந்து அவசரமாகக் கையெழுத்திட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.