ஒதுக்கிய தரிப்பிடம் யாருடைய உரிமை? கட்டணச் சீட்டு வந்தால் என்ன செய்வது?

சில மாதங்களுக்கு முன் ஒரு பாடசாலையில் பெற்றோர் கூட்டம் நடந்தது. மாணவி ஒருவரின் தந்தை அதற்கு வந்திருந்தார். யுத்த காலத்தில் ஒரு காலை இழந்தவர். பின்புறம் இரு பக்கமும் மேலதிகச் சில்லுகள் பூட்டிய மோட்டார் சைக்கிளில்தான் எங்கும் போய் வருவார். சாய்தளத்தை ஒட்டி அவரைப் போன்றவர்களுக்கென்று கோடு போட்டு ஒதுக்கியிருந்த இடம் முழுவதும் மற்றவர்களின் வாகனங்கள். வாசலுக்கு வெளியே வீதியோரத்தில் நிறுத்திவிட்டு, ஊன்றுகோலுடன் மணலில் நடந்து அவர் வந்து சேர்ந்தபோது, வகுப்பாசிரியரைச் சந்திக்க அவருக்குக் கொடுத்திருந்த நேரம் முடிந்துவிட்டது. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் நின்ற வாகனங்களில் என்னுடைய ஸ்கூட்டியும் ஒன்று. "ஐந்து நிமிஷம்தானே" என்று நிறுத்தியது.

அதே வாரம் லண்டனில் வசிக்கும் உறவினர் ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு கடிதத்தின் படத்தை அனுப்பியிருந்தார். நடக்க முடியாத தன் உம்மாவைக் கடைத்தொகுதி ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். ஊனமுற்றோருக்கான நீல அட்டையை வாகனக் கண்ணாடியில் வைத்திருக்கிறார். ஆனாலும் நேரம் கடந்துவிட்டதென்று 100 பவுண் கேட்டுத் தனியார் நிறுவனமொன்று கடிதம் அனுப்பியிருந்தது. "நீல அட்டை இருக்கும்போது எப்படிக் காசு கேட்கலாம்? இதைக் கிழித்துப் போடலாமா?" என்பது அவரது கேள்வி.

இங்கே நாம் ஒருவருடைய இடத்தை எடுத்துக்கொள்கிறோம். அங்கே நம்மவருக்கு உரிய இடத்துக்கே கட்டணம் கேட்கிறார்கள். இரண்டு நிலையிலும் சட்டம் என்ன சொல்கிறது, மார்க்கம் நம்மிடம் எதை எதிர்பார்க்கிறது என்பதைத் தெரிந்திருப்பது எல்லோருக்கும் பயன்படும்.

அந்த இடம் ஏன் அகலமாக இருக்கிறது?

சாதாரணமாக ஒரு கார் நிறுத்தும் கட்டம் சுமார் 2.4 மீற்றர் அகலம். சக்கர நாற்காலியில் இருப்பவர் காரிலிருந்து இறங்க வேண்டுமானால் கதவை முழுதாகத் திறந்து, நாற்காலியைக் கதவோரம் கொண்டுவந்து வைக்க வேண்டும். இதற்கு இன்னும் 1.2 மீற்றர் தேவை. ஆகவேதான் 3.6 மீற்றர். பக்கத்தில் சரிவான கோடுகள் போட்டிருக்கும் பகுதியை வெறும் இடம் என்று நினைத்து நாம் மோட்டார் சைக்கிளை நுழைத்துவிடுகிறோம். வந்தவர் இறங்க முடியாமல் காருக்குள்ளேயே இருப்பார். அல்லது உள்ளே போய் அலுவலை முடித்துவிட்டுத் திரும்பி வந்தவர், தன் வாகனத்தில் ஏற முடியாமல் வெயிலில் காத்திருப்பார்.

சக்கர நாற்காலிச் சின்னத்தை 1968இல் டென்மார்க் மாணவி சுசான் கோஃபோட் வரைந்தார். சின்னத்தில் நாற்காலி இருந்தாலும் அந்த இடம் நாற்காலிக்காரருக்கு மட்டும் உரியதல்ல. செயற்கைக் கால் அணிந்தவர், சில அடி நடந்தாலே மூச்சு வாங்கும் இதய நோயாளி, திடீரென்று வீதியில் ஓடிவிடக்கூடிய ஓட்டிசம் உள்ள பிள்ளை என்று பலருக்கும் அது தேவைப்படும். வெளியே தெரியாத குறைபாடுகள் உள்ளவர்களுக்கும் நீல அட்டை கிடைக்கும் வகையில் இங்கிலாந்து 2019 ஓகஸ்ட் 30 முதல் தன் விதிகளை விரிவாக்கியது. ஒருவர் காரிலிருந்து நடந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு "இவருக்கு என்ன குறை?" என்று கேட்பதும் தவறு.

இலங்கைச் சட்டம்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நம் நாட்டில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதோவொரு வகையில் வலுக்குறைந்தவர்கள். யுத்தம் நடந்த மண்ணில் இருக்கும் நமக்கு இது வெறும் எண்ணல்ல. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் செயற்கை அவயவ நிலையத்தின் வாசலில் ஒரு காலைப்பொழுது நின்றவர்களுக்கு விளங்கும்.

இவர்களுக்காக 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பொதுமக்கள் போகக்கூடிய எந்தக் கட்டடத்துக்கோ இடத்துக்கோ செல்வதிலும் அதைப் பயன்படுத்துவதிலும், வலுக்குறைவைக் காரணமாக வைத்து ஒருவருக்குத் தடை விதிக்கக் கூடாது என்று அதன் 23ஆம் பிரிவு சொல்கிறது. கட்டணம் செலுத்தி நுழையும் இடமானாலும் இதுவே விதி. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்ய 24ஆம் பிரிவு வழி தருகிறது.

அச்சட்டத்தின் கீழ் 2006 ஒக்டோபரில் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளியாகின. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை மூன்று ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்று அவை கூறின. மாற்றம் போதிய அளவு நடக்கவில்லை. மரம் விழுந்து முதுகெலும்பு பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவரும் முன்னாள் கிரிக்கெட் நடுவருமான கலாநிதி அஜித் சி.எஸ். பெரேரா உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார். 2011 ஏப்ரல் 27 அன்று, புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்கள் இவ்விதிகளைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 2016இல் இலங்கை, வலுக்குறைந்தோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது.

ஆகவே கடையிலோ அலுவலகத்திலோ "எங்களுக்கு அப்படி இடமொன்றும் இல்லை" என்று சொன்னால், அதுவே பதில் என்று திரும்பிவிட வேண்டியதில்லை. முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். திகதியும் படமும் சேர்த்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து உங்கள் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும், கட்டட அனுமதி வழங்கும் பிரதேச சபையிடமும் கொடுங்கள். பண்டத்தரிப்புப் பகுதியினருக்கு அது வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபை. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது.

இங்கே வாகனத்துக்குக் காசு கேட்டால்

மேற்சொன்ன சட்டம் இடத்தை அடையும் உரிமையைத் தருகிறது. கட்டணமில்லாமல் வாகனம் நிறுத்தும் உரிமை என்று தனியாக எதையும் தரவில்லை. எனவே கட்டணம் கேட்டவுடன் சண்டைக்குப் போகாமல், கேட்பவர் யார் என்று பாருங்கள்.

வீதியோரத்தில் கேட்டால் அது உள்ளூராட்சி சபையின் அதிகாரத்தின் கீழ் இருக்க வேண்டும். வசூலைச் சபை குத்தகைக்குக் கொடுத்திருக்கலாம். சபையின் பெயரும் தொடரிலக்கமும் அச்சிட்ட பற்றுச்சீட்டைக் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் சபையில் விசாரிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தனியார் காணி என்றால் அது ஒப்பந்தம். வாசல் பலகையில் எழுதியிருக்கும் தொகையைக் கேட்கலாம். ஆனால் காவலாளி ஒருவர் தன் இஷ்டத்துக்கு ஒரு தொகையைச் சொல்லி அதைத் "தண்டம்" என்று வாங்க முடியாது. தண்டம் விதிப்பது சட்டத்தின் அதிகாரம் பெற்றவர்களின் வேலை.

பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு

நம் குடும்பங்களில் பாதிப்பேர் அங்கே இருப்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். நீல அட்டை வாகனத்துக்குரியதல்ல, ஆளுக்குரியது. உம்மாவின் அட்டை என்றால் உம்மா அந்தப் பயணத்தில் இருக்க வேண்டும். அவரை வீட்டில் விட்டுவிட்டு மகன் கடைக்குப் போய் அதைக் கண்ணாடியில் வைப்பது குற்றம். 1,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம்.

அட்டைச் சலுகை பெரும்பாலும் பொது வீதிகளுக்கானது. தனியார் வாகனத் தரிப்பிடத்தில் அந்த இடத்தின் பலகை சொல்வதுதான் விதி. சில இடங்களில் அட்டைக்காரரும் கட்டணம் செலுத்த வேண்டும். சில இடங்களில் வாகன இலக்கத்தை உள்ளே பதிந்தால்தான் சலுகை. என் உறவினர் பலகையை வாசிக்கவில்லை. இடத்தைக் கண்டதும் வாகனத்தை விட்டுவிட்டார்.

கடிதம் வந்தால் முதலில் தலைப்பைப் பாருங்கள். மாநகர சபை அனுப்புவது 'பெனால்டி சார்ஜ் நோட்டிஸ்'. தனியார் நிறுவனம் அனுப்புவது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டிஸ்'. இரண்டையும் சுருக்கினால் பி.சி.என். என்றே வரும். முதலாவது சட்டத்தின்படி விதிக்கும் தண்டம். இரண்டாவது, ஒப்பந்தத்தை மீறினீர்கள் என்று கேட்கும் பணம்.

தனியாருடைய சீட்டு வெறும் காகிதம், கிழித்துப் போடலாம் என்ற பேச்சு நம்மவர்களிடையே இன்னும் இருக்கிறது. 2015 நவம்பர் 4 அன்று அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் பார்க்கிங்ஐ நிறுவனத்துக்கும் பீவிஸ் என்பவருக்கும் இடையிலான வழக்கில் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. இரண்டு மணி நேரம் இலவசமான இடத்தில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கூடுதலாக நின்ற வாகனத்துக்கு 85 பவுண் கேட்டது செல்லும் என்று தீர்ப்பானது. எனவே கிழிக்காதீர்கள். அதேநேரம், பயந்து உடனே கட்டிவிடவும் தேவையில்லை. செய்ய வேண்டியவை இவைதான்:

ஒன்று, திகதிகளைப் பாருங்கள். கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் கமெராவை வைத்து அனுப்பிய கடிதமென்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாகனச் சொந்தக்காரரைப் பொறுப்பாக்க அது 14 நாட்களுக்குள் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

இரண்டு, ஆதாரம் சேருங்கள். பலகையின் படம், கடைப் பற்றுச்சீட்டு, நீல அட்டையின் பிரதி, நாற்காலியில் ஏறி இறங்க எடுக்கும் நேரம் பற்றிய விளக்கம் எல்லாம் உதவும். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் ஊனமுற்றோருக்கு நியாயமான வசதி செய்து கொடுக்கும் கடமையைத் தனியார் நிறுவனங்கள் மீதும் சுமத்துகிறது. கூடுதல் நேரம் தருவதும் அத்தகைய வசதியே என்று வாதிடலாம்.

மூன்று, பொதுவாக 28 நாட்களுக்குள் நிறுவனத்திடமே மேன்முறையீடு செய்யுங்கள். நிராகரித்தால், அந்நிறுவனம் சேர்ந்திருக்கும் சங்கத்தைப் பொறுத்துப் போப்லா அல்லது ஐ.ஏ.எஸ். என்ற மேன்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். கடைத்தொகுதி முகாமையாளருக்கு ஒரு கடிதம் எழுதினாலே சில வேளை விஷயம் முடிந்துவிடும்.

நான்கு, கடன் வசூலிப்பவர்களின் கடிதத்தையும் நீதிமன்றக் கடிதத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னையவர்களுக்கு வீட்டுக்குள் வந்து பொருளை எடுத்துச் செல்லும் அதிகாரம் இல்லை. நீதிமன்றப் படிவம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். பதில் கொடுக்காமல் விட்டால் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பாகி, பின்னர் வீட்டுக் கடன் எடுக்கப் போகும்போது அது குறுக்கே நிற்கும்.

என் உறவினரின் மேன்முறையீட்டை ஏற்று நிறுவனம் கட்டணத்தை ரத்துச் செய்தது. உம்மாவின் அட்டையும், கடையில் சக்கர நாற்காலி இரவல் வாங்கிய சீட்டும் போதுமாக இருந்தன.

வளைகுடாவில் தொழில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஊனமுற்றோருக்கான இடத்தில் நிறுத்தினால் 1,000 திர்ஹம் தண்டமும் 6 கறுப்புப் புள்ளிகளும் விழும். அங்கே தண்டத்துக்குப் பயந்து ஒழுங்காக நிறுத்துகிறவர், ஊருக்கு லீவில் வந்ததும் சாய்தளத்துக்குக் குறுக்கே நிறுத்துவதை நாம் பார்க்கிறோம்.

நம் பள்ளிவாசல் வாசலில்

கண் தெரியாத ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்கள் தொடர்பாகவே 'அபஸ' ஸூரா இறங்கியது என்பதைச் சிறுவயதில் ஓதிக்கொடுத்த நம் உஸ்தாத்மார் சொல்லித் தந்திருக்கிறார்கள். அவரை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக நியமித்தார்கள், மதீனாவைப் பொறுப்புக் கொடுத்தும் சென்றார்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்று படித்த நாம், ஜும்ஆவுக்குப் பிந்தி ஓடிவந்து, பாதையில் தொல்லையாக நம் வாகனத்தையே வைத்துவிட்டு முன் ஸஃப்புக்குப் போகிறோம். பக்கத்து வீட்டுக்காரரின் படலையையும் மறித்துவிடுகிறோம். அல்லாஹ்வின் ஹக்கை நிறைவேற்ற வந்த இடத்தில் அடியானின் ஹக்கைப் பறிக்கிறோம். ஹக்குல் இபாதை உரியவர் மன்னிக்காமல் தீராது என்பது நமக்குத் தெரியும்.

ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு குர்ஆன் கட்டளையிடுகிறது. பிறர் பொருளை அநியாயமாக உண்ண வேண்டாம் என்றும் சொல்கிறது. வாசல் பலகையை ஏற்று உள்ளே போனவர் நியாயமான கட்டணத்தைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். நியாயமில்லாமல் கேட்டால் முறைப்படி எதிர்த்து வாதிடலாம். பொய் சொல்லித் தப்புவதற்கு இடமில்லை.

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த நம் சமூகம் வடக்கில் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திருத்திக் கட்டிவருகிறது. கட்டும்போதே செய்தால் செலவு குறைவு. வாசலுக்கு மிக அருகில் 3.6 மீற்றர் அகலத்தில் ஒரு கட்டம், மணலோ சல்லியோ இல்லாத உறுதியான தரை, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்ற அளவில் சாய்தளம், தரையில் வரைவதோடு கண்மட்டத்தில் ஒரு பலகை, வெள்ளிக்கிழமையில் அதைக் கவனிக்க ஒரு தொண்டர். கார் இல்லாதவர் ஓட்டோவில் வந்து இறங்கவும் அதே இடம் உதவும்.

அடுத்த கூட்டத்தன்று காலையில் அந்தக் கட்டத்தின் குறுக்கே ஒரு கயிறு கட்டி, சாய்தளத்தருகே மாணவத் தலைவர் ஒருவரை நிறுத்தினோம். அந்தத் தந்தை வந்ததும் கயிற்றை அவிழ்த்தார்கள். மகளின் வகுப்பறைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். போன முறை அங்கே நின்ற ஸ்கூட்டி என்னுடையது என்று அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பெரிய விஷயம்.

பிறருடைய ஹக்கைப் பேணி நடக்க அல்லாஹ் நம் எல்லோருக்கும் தௌபீக் செய்வானாக.