சின்னக் கப்பல், இரண்டு அதிகாரிகள்: ஒரு தூக்கத்தின் வரலாறு

இன்னிக்கு எபிசோடு ஒரு தூக்கத்தைப் பத்தினது. நடுக்கடல்ல, நடுராத்திரியில, கப்பலை ஓட்ட வேண்டிய ஆள் தூங்கிப் போன கதை. ஒரு தடவை நடந்தா அது விபத்து. ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நடந்தா அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கணும் இல்லையா? அதைத்தான் பார்க்கப் போறோம்.

1997 மார்ச் 26. இங்கிலாந்தோட தென்மேற்கு முனையைத் தாண்டி, கடலுக்குள்ள சில்லித் தீவுகள்னு ஒரு தீவுக்கூட்டம் இருக்கு. அதிகாலை 3 மணி தாண்டின நேரம். சவுத்தாம்ப்டனிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குச் சரக்கு ஏற்றிப் போன 'சிட்டா' என்ற சின்ன கன்டெய்னர் கப்பல், அங்கே செயின்ட் மேரிஸ் தீவின் பாறைகளில் நேராகப் போய் ஏறியது. பிரிட்ஜில், அதாவது கப்பலை இயக்கும் மேல்தள அறையில், பணியில் இருந்த அதிகாரி தூங்கியிருந்தார். எச்சரிக்க வேண்டிய அலாரம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

கப்பலில் இருந்த எல்லாரும் உயிர் தப்பினார்கள். அதனால இந்தச் சம்பவம் இன்னிக்கும் ஒரு வேடிக்கைக் கதையாத்தான் சொல்லப்படுது. ஷூ, டயர், துணிமணி, வீட்டுக் கதவுகள்னு கன்டெய்னர்ல இருந்தது எல்லாம் கரை ஒதுங்க, தீவு மக்கள் வந்து அள்ளிட்டுப் போனாங்க. கேட்க ஜாலியாத்தான் இருக்கும். ஆனா அந்தக் கதையில தூங்கின மனுஷனைப் பத்தி ஒரு வரிதான் வரும்: "தூங்கிட்டார்." அவ்வளவுதான்.

அடுத்தது 2003 ஜூன். ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையில, சம்மர் தீவுகள் பக்கம், துத்தநாகத் தாது ஏற்றி வந்த 'ஜாம்போ' தரை தட்டி, பிறகு மூழ்கியது. பணியில் இருந்த சீஃப் மேட் தூங்கியிருந்தார். 2008 ஜூன்: 'அன்டாரி' என்ற கப்பலில் நள்ளிரவில் பொறுப்பேற்ற அதிகாரி கொஞ்ச நேரத்திலேயே தூங்கிவிட்டார். கப்பல் 3 மணி நேரத்துக்கு மேல தானாகவே ஓடி, கடலைக் குறுக்கே கடந்து, வட அயர்லாந்துக் கரையில ஏறியது. 2013 மார்ச்: இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் 'டேனியோ'. மறுபடியும் விடியறதுக்கு முன்னாடி, மறுபடியும் தூக்கம்.

நாலு கப்பல். எல்லாமே சின்னச் சரக்குக் கப்பல்கள். எல்லாமே ராத்திரியிலோ விடிகாலையிலோ. நாலு பேரும் பொறுப்பில்லாத ஆட்கள்னு சொல்லி முடிச்சிடலாமா? பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவோட அறிக்கைகளைப் படிச்சப்ப எனக்கு அப்படித் தோணல. முதல்ல இந்தக் கப்பல்ல ஒரு அதிகாரியோட நாள் எப்படி இருக்கும்னு பார்ப்போம்.

ஒரு நாளில் இரண்டு நாள்

மெர்ச்சன்ட் நேவின்னதும் நம்ம மனசுல வர்றது 300 மீட்டர் நீளக் கப்பல். இது அது இல்ல. சுமார் 80, 90 மீட்டர் நீளம். ஒரு கால்பந்து மைதானத்தைவிடக் குறைவு. மரம், தானியம், உரம், பழைய இரும்பு மாதிரி சரக்கு. பல கப்பல்கள்ல மொத்தமே ஆறேழு பேர்தான். அதில் கப்பலை ஓட்டத் தகுதி உள்ளவர்கள் 2 பேர்: கேப்டன், அவருக்கு அடுத்து சீஃப் மேட்.

கடல்ல கப்பல் 24 மணி நேரமும் ஓடும். அப்போ யாராவது ஒருத்தர் பிரிட்ஜ்ல நின்னே ஆகணும். 2 பேர் இருந்தா எப்படிப் பிரிப்பீங்க? 6 மணி நேரம் நீ, 6 மணி நேரம் நான். வழக்கமா கேப்டன் காலை 6 முதல் 12 வரையும், மாலை 6 முதல் நள்ளிரவு வரையும் எடுத்துக்குவார். மேட்டுக்கு மத்தியானம் 12 முதல் 6, அப்புறம் நள்ளிரவு 12 முதல் விடிகாலை 6. இன்னிக்கு மட்டும் இல்ல. தினமும். அந்த ஒப்பந்தம் முடியற வரைக்கும், மாசக்கணக்குல.

சரி, மீதி 12 மணி நேரம் ஓய்வுதானே? அங்கதான் சிக்கல். பணியை ஒப்படைக்கணும், சாப்பிடணும், குளிக்கணும். அப்புறம் தூங்கினா, 6 மணி நேரத்துல உண்மையான தூக்கம் 4, நாலரை மணி நேரம் கிடைச்சா பெரிசு. அதுவும் துண்டு துண்டா, ஒண்ணு காலையில, ஒண்ணு சாயங்காலம்.

துறைமுகத்துக்கு வந்தா ரெஸ்ட் எடுக்கலாமேன்னு நினைப்பீங்க. சீஃப் மேட்டுக்கு நிஜமான வேலையே அங்கதான் ஆரம்பிக்குது. சரக்கு எந்த இடத்துல எவ்வளவு ஏறணும், கப்பல் ஒரு பக்கம் சாயாம இருக்க எந்தத் தொட்டியில எவ்வளவு கடல் தண்ணி நிரப்பணும், எதை இறக்கணும், சரக்கு அசையாம கட்டியாச்சா, மேல்மூடி சரியா மூடியிருக்கா? எல்லாம் அவர் பொறுப்பு. இது கண்டம் தாண்டற கப்பல் இல்ல. ஒண்ணு ரெண்டு நாளைக்கு ஒரு துறைமுகம். கயிறு கட்டறப்பவும் அவிழ்க்கறப்பவும் 'என் ஷிஃப்ட் முடிஞ்சது'ன்னு யாரும் கேபினுக்குப் போக முடியாது.

இதுக்கு மேல காகிதம். பாதுகாப்பு மேலாண்மை விதித் தொகுப்பு இந்த வகைக் கப்பல்களுக்கு 2002ல் கட்டாயமானது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு உருவான துறைமுக, கப்பல் காவல் விதிகள் 2004ல் வந்தன. ரெண்டுமே தேவையான விதிகள்தான். ஆனா படிவத்தை நிரப்பவும், கப்பல் ஏறும் படிக்கட்டுல ஆள் நிறுத்தவும் புதுசா யாரும் வரல. அதே ஆட்கள், அதே 24 மணி நேரம்.

முன்னாடி எப்படி இருந்தது?

பாய்மரக் கப்பல் காலத்திலும் ஆட்களை 2 குழுவாத்தான் பிரிச்சாங்க. 4 மணி நேரம் வேலை, 4 மணி நேரம் ஓய்வு. கடுமையான வாழ்க்கை, சந்தேகமே இல்ல. ஆனா அதுல ஒரு சாமர்த்தியம் இருந்தது. சாயங்காலம் 4 முதல் 8 வரையான ஒரு முறையை மட்டும் ரெண்டா வெட்டி, 2 மணி நேரத் துண்டுகளாக ஆக்கினார்கள். அதுக்கு 'டாக் வாட்ச்'னு பேர். ஏன் வெட்டணும்? 6 முறை இருந்தா தினமும் ஒரே குழுவுக்கு ஒரே நேரம் விழும். 7 முறை ஆனா சுழலும். நேத்து நடுராத்திரி நின்னவங்க இன்னிக்கு அந்த நேரத்துல தூங்கலாம்.

நீராவிக் கப்பல்கள் வந்த பிறகு, பெரிய கப்பல்களில் அதிகாரிகள் 3 பேர் ஆனார்கள். 4 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் ஓய்வு. இன்னிக்கும் பெரிய கப்பல்களில் அதுதான் வழக்கம்.

அப்போ சின்னக் கப்பல்ல மட்டும் ஏன் 2 பேர்? எத்தனை அதிகாரிகள் வேணும், என்ன கருவிகள் வேணும்னு பல விதிகள் கப்பலோட கொள்ளளவு டன்னை வெச்சுதான் முடிவாகும். உடனே கப்பல் கட்டுறவங்க என்ன பண்ணாங்க? 500 டன்னுல ஒரு விதி ஆரம்பிக்குதுன்னா, 499 டன்னுல கப்பல் கட்டினாங்க. ஐரோப்பியக் கரையோரத்துல இந்த மாதிரி 499 டன் கப்பல்கள் ஏராளம். இதுக்கு 'பாராகிராஃப் கப்பல்'னே பேர். சட்டத்தோட ஒரு பத்திக்குள்ள பொருந்துற மாதிரி வடிவமைச்ச கப்பல்! 1969ல் போட்ட சர்வதேச ஒப்பந்தம் 1982ல் அமலுக்கு வந்து, டன் அளக்கும் முறையையே மாத்திச்சு. ஆனா குறைவான ஆட்களை வெச்சு ஓட்டற பழக்கம் மாறல. நடுவுல ஆட்டோபைலட் வந்தது, ஆள் இல்லாம ஓடற எஞ்சின் அறை வந்தது. கருவி ஒவ்வொண்ணும் உள்ளே வரும்போது மனுஷங்க வெளியே போனாங்க. குறைந்தபட்சம் எத்தனை பேர் வேணும்னு முடிவு பண்றது அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடியில பதிவாகியிருக்கோ அந்த நாடு. கப்பல் முதலாளி தனக்குத் தோதான கொடியைத் தேடிப் போகலாம்.

ஒரே சட்டம், ரெண்டு கதவு

'இதுக்கு லேபர் சட்டம் எதுவும் இல்லையா?'ன்னு கேப்பீங்க. இருக்கு. 1996ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஒரு ஒப்பந்தம் கொண்டுவந்தது. அதே எண்கள்தான் 2013ல் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்திலும் இருக்கு. அது நாடுகளுக்கு ரெண்டு வழி தருது. ஒண்ணு: வாரத்துக்கு அதிகபட்ச வேலை 72 மணி நேரம். இன்னொண்ணு: வாரத்துக்குக் குறைந்தபட்ச ஓய்வு 77 மணி நேரம்.

கேட்க ஒண்ணு போலத்தான் இருக்கும். இப்போ கணக்கு போடுங்க. வாரத்துக்கு 168 மணி நேரம். அதுல 77 கழிச்சா 91. அதாவது முதல் கதவு வழியாப் போனா 72 மணி நேர வேலை. ரெண்டாவது கதவு வழியாப் போனா 91 மணி நேர வேலை! ஆறுக்கு ஆறு முறையில ஒருத்தர் வாரத்துக்கு 84 மணி நேரம் வாட்ச் நிக்கிறார். முதல் கதவுல அது சட்டவிரோதம். ரெண்டாவதுல சட்டப்படி சரி, மிச்சம் 7 மணி நேரம்கூட இருக்கு. நாளைக்கு 1 மணி நேரம். சரக்கு, கயிறு, தண்ணித் தொட்டி, படிவம் எல்லாத்தையும் அந்த 1 மணி நேரத்துக்குள்ள முடிச்சாகணும். முடியுமா?

முடியாது. அப்போ என்ன நடக்கும்? ஓய்வு நேரப் பதிவேட்டுல முடிஞ்ச மாதிரி எழுதப்படும். ஸ்வீடனில் இருக்கிற உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020ல் வெளியிட்ட ஆய்வின் தலைப்பே 'சரிக்கட்டும் கலாசாரம்' என்பதுதான். வேலை நேரப் பதிவுகளைத் திருத்தி எழுதுவது கப்பல்களில் பரவலான பழக்கம் என்று அது சொல்லியது. எழுதுறது யாரு? தூங்காத அதே ஆள். ஆய்வாளர் வந்து கேள்வி கேட்டா, கப்பல் துறைமுகத்துல நின்னுபோனா, முதல்ல மாட்டப் போறதும் அவர்தான்.

இது எனக்கு இன்னொரு பழைய கதையை ஞாபகப்படுத்துது. கப்பலோட பக்கவாட்டுல ஒரு வட்டமும் குறுக்கே ஒரு கோடும் பார்த்திருப்பீங்க. இதுக்கு மேல தண்ணி வரக்கூடாது, அவ்வளவுதான் சரக்கு ஏத்தலாம்னு அர்த்தம். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் அளவுக்கு மீறி ஏற்றிய கப்பல்கள் மூழ்கி மாலுமிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் போராடி, 1876ல் அந்தக் கோட்டைக் கட்டாயமாக்கினார். ஆனா சட்டத்துல ஒரு ஓட்டை. கோடு போடணும்னு சொன்னாங்க. எங்க போடணும்னு சொல்லல. அதைக் கப்பல் முதலாளியே முடிவு பண்ணலாம்! அதைச் சரிசெய்ய 1890 வரைக்கும் ஆச்சு. கோட்டோட இடத்தை அரசு விதி தீர்மானிச்ச பிறகுதான் அது உண்மையான கோடா ஆனது.

ஓய்வு நேரச் சட்டம் இன்னும் 1876ல்தான் நிக்குதுன்னு எனக்குத் தோணுது. கோடு இருக்கு. தூரிகை கப்பல்லயே இருக்கு.

ஆளுக்குப் பதிலா அலாரம்

2004ல் பிரிட்டனின் அந்தப் புலனாய்வுப் பிரிவு, 1994 முதல் 2003 வரை நடந்த 66 சம்பவங்களை மொத்தமா எடுத்துப் பார்த்தது. தரை தட்டிய சம்பவங்களில் மூன்றில் ஒரு பங்கில், களைத்துப்போன ஒரு அதிகாரி இரவில் பிரிட்ஜில் தனியாக இருந்தார். அவங்க சொன்ன தீர்வு எளிமையானது: 500 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்ல கேப்டனைத் தவிர வாட்ச் நிக்க 2 அதிகாரிகள் வேணும். இன்னும் ஒரே ஒரு ஆள்.

கொஞ்ச வருஷம் கழிச்சு ஐரோப்பாவில் 'ப்ராஜெக்ட் ஹொரைசன்' என்ற ஆய்வு நடந்தது. 90 அதிகாரிகளைப் போலி பிரிட்ஜ்ல நிஜக் கப்பல் மாதிரியே வேலை பார்க்க வெச்சு, தூக்கத்தை அளந்தாங்க. ஆறுக்கு ஆறு முறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தூக்கக் கலக்கம் அதிகம். சிலர் வாட்சிலேயே தூங்கிவிட்டார்கள். ஆராய்ச்சிக்கு வந்திருக்கோம், நம்மள கவனிக்கிறாங்கன்னு தெரிஞ்சும்!

அந்த ஒரு கூடுதல் ஆள் வந்தாரா? உலகம் முழுக்கப் பொருந்தும் கட்டாய விதியா இன்னிக்கு வரைக்கும் வரல. வந்தது ஒரு அலாரம். 2009ல் முடிவாகி, 2011 முதல் புதுக் கப்பல்களுக்கும், படிப்படியாகப் பழைய கப்பல்களுக்கும் கட்டாயமானது. 3 முதல் 12 நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரிட்ஜ்ல இருக்கிறவர் ஒரு பட்டனைத் தட்டணும். தட்டலைன்னா விளக்கு எரியும், அப்புறம் சத்தம், அப்புறம் கேப்டன் கேபின்ல சத்தம். நல்ல கருவிதான். ஆனா அன்டாரியில் அலாரம் பொருத்தப்பட்டிருந்தது, ஆன் பண்ணல. டேனியோவிலும் இருந்தது, அங்கயும் ஆன்ல இல்ல.

நம்ம ஊர்ல இருந்து நிறைய பேர் கப்பல் வேலைக்குப் போறீங்க. உங்கள்ல யாராவது சின்னக் கப்பல்ல சேரப் போறீங்கன்னா, சம்பளத்தோட சேர்த்து ஒரு கேள்வி கேளுங்க: வாட்ச் நிக்க எத்தனை பேர்? கப்பல்ல குறைந்தபட்ச ஆட்களுக்கான சான்றிதழ் ஒண்ணு இருக்கும், அதுல அந்த எண் எழுதியிருக்கும். 2ன்னு இருந்தா, நள்ளிரவு 12 முதல் 6 யாருக்குன்னு கேக்கவே வேணாம்.

கடல்ல வேலை பார்த்தவங்க யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா, உங்க வாட்ச் அனுபவத்தை எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.