விஜய் சிங்

விஜய் சிங் (பிறப்பு: 22 பிப்ரவரி 1963) பிஜித் தீவிலிருந்து புறப்பட்டு உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்த தொழில்முறை கோல்ப் வீரர். மாஸ்டர்ஸ் பட்டத்தை ஒரு முறையும் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை இரு முறையும் வென்றவர். தொழில்முறை ஆட்டத்தில் முதல் வெற்றியைத் தந்ததும், தடை விதிக்கப்பட்ட நாட்களில் சோறு போட்டதும் மலேசியாதான்.

பிறப்பும் பின்புலமும்

லவுத்தோக்காவில் பிறந்து நாடியில் வளர்ந்தார். 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குக் கப்பலேற்றப்பட்டனர். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது கரும்புத் தோட்டங்களுக்கு. சிங் இந்திய வம்சாவளியினர், ஆனால் தமிழர் அல்லர். எனினும் நாடி தமிழருக்கு அந்நியமான ஊர் அன்று: அதன் பெரிய வீதி முடியுமிடத்தில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் வண்ணக் கோபுரத்தோடு நிற்கிறது. தந்தை மோகன் விமானப் பராமரிப்புத் தொழிலாளர், கோல்ப்பும் கற்றுக்கொடுத்தார். அமெரிக்க வீரர் டாம் வைஸ்காப் மட்டை வீசும் படங்களைப் பார்த்துப் பார்த்தே சிறுவன் விஜய் தன் வீச்சைப் பழகிக்கொண்டான்.

மலேசிய ஆண்டுகள்

1982இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். இரண்டே ஆண்டுகளில், 1984இல், மலேசிய பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றார்.

அடுத்த ஆண்டு ஜகார்த்தாவில் இந்தோனேசிய ஓப்பன். கோல்ப்பில் ஒருவரின் அடிகளை உடன் ஆடுபவர் அட்டையில் குறிப்பார். ஆடியவர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார். கையெழுத்திட்ட அட்டையில் உண்மையைவிட ஓர் அடி குறைந்திருந்தாலும் ஆட்டக்காரர் நீக்கப்படுவார். அடுத்த சுற்றுக்குத் தகுதி பெறுவதற்காகச் சிங் தம் அட்டையில் ஓர் அடியைக் குறைத்தார் என்பது புகார். அவர் மறுத்தார். ஆனாலும் தென்கிழக்காசியப் போட்டிகளில் ஆட அவருக்குத் தடை விழுந்தது. 22 வயது இளைஞருக்கு அது கடுமையான தண்டனை.

பரிசுப் பணம் நின்றுபோகவே சிங் போர்னியோவுக்குப் போனார். அங்கே மலேசியாவின் சபா மாநிலத்தில், மரத்தொழில் நகரான கெனிங்காவில் ஒரு கிளப்பில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. பிறகு சரவாக்கின் மீரி கோல்ப் கிளப். மலேசியாவின் முதல் எண்ணெய்க் கிணறு 1910இல் தோண்டப்பட்ட ஊர் அது. எண்ணெய், மரத்தொழில்களில் இருந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். எஞ்சிய நேரமெல்லாம் நண்பகல் வெயிலிலும் தனியே நின்று பந்தடித்தார். பின்னாளில் அமெரிக்க மைதானங்களில் எல்லோரும் போன பிறகும் பயிற்சித் திடலில் நிற்பவர் என்று பெயரெடுத்தாரே, அந்தப் பழக்கம் இங்கே உரம் பெற்றது.

மலேசியாவோடு அவர் கணக்கு அத்தோடு தீரவில்லை. 1992இல் மலேசிய ஓப்பனை வென்றார். 2001இல் அதே பட்டத்துக்கான கூடுதல் குழி ஆட்டத்தில் அயர்லாந்தின் பாட்ரிக் ஹாரிங்டனைத் தோற்கடித்தார். 

உலக அரங்கு

போர்னியோவுக்குப் பின் பணம் சேர்ப்பதற்காக எடின்பரோ இரவு விடுதி ஒன்றில் வாயிற்காவலராகவும் வேலை பார்த்தார். 1988இல் நைஜீரிய ஓப்பன் கைகூடியது. 1989இல் இத்தாலியில் முதல் ஐரோப்பியப் பட்டம். 1993இல் அமெரிக்க பிஜிஏ சுற்றில் சிறந்த புதுமுகமானார்.

1998இல் பிஜிஏ சாம்பியன்ஷிப், 2000இல் எர்னி எல்ஸை மூன்று அடிகளில் பின்தள்ளி மாஸ்டர்ஸ், 2004இல் மீண்டும் பிஜிஏ. அந்த 2004 அவர் ஆண்டு. ஒன்பது பட்டங்களை வென்றார்; ஒரே பருவத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் பரிசுப் பணம் ஈட்டிய முதல் வீரரானார். செப்டம்பரில் டைகர் வுட்ஸை முதலிடத்திலிருந்து இறக்கினார். மொத்தம் 34 பிஜிஏ சுற்றுப் பட்டங்கள்; அவற்றில் 22 நாற்பது வயதைத் தாண்டிய பிறகு வந்தவை.

2006இல் உலக கோல்ப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். மனைவி அர்டேனா, மகன் காஸ். 2013இல், தாம் பயன்படுத்திய மான்கொம்பு மருந்துத் தெளிப்பான் தொடர்பாகப் பிஜிஏ சுற்று மீது வழக்குத் தொடுத்தார். அது 2018இல் சமரசத்தில் முடிந்தது. ஐம்பது வயதுக்குப் பிறகு மூத்தோர் சுற்றுக்கு மாறினார்.