எண்ணூர் ஆத்துல ஒரு தூண்டில் பயணம் - கொஞ்சம் வரலாறு, நிறைய சாம்பல்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆணி அதிகமா இருந்ததால தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. (ஆணின்னா என்னன்னு தெரியாத புண்ணியவான்கள் யாராவது இருந்தா, ஆபீஸ்ல பொட்டி தட்டறதுன்னு எடுத்துக்கங்க.)

எங்க டீமுக்கு பெங்களூர்லேர்ந்து மாற்றலாகி ஒரு நண்பர் வந்தார். மனுஷன் தூண்டில் பைத்தியம். ராடு, ரீல், விதவிதமான போலி இரைன்னு ஒரு பை நிறைய சாமான் வெச்சிருக்கார். ஒருநாள் டீ குடிக்கும்போது, "உங்க ஊர்ப் பக்கம் கைடு வெச்சுக்கிட்டு மீன் பிடிக்கற மாதிரி ஆறு ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டார். நான் பொறந்து வளர்ந்தது திருவொற்றியூர். ஊர்ப் பெருமை விடுமா? "எண்ணூர் கழி இருக்கே"ன்னு சொல்லிட்டேன். சொன்ன அடுத்த நொடியே நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். ஏன்னு போகப் போகப் புரியும்.

தென்னிந்தியாவில் கைடு வைத்துக்கொண்டு ஆற்றில் தூண்டில் போடுவது என்றால் பழைய ஆட்களுக்குக் காவிரிதான் ஞாபகம் வரும். மதறாஸ் சிவில் சர்வீஸ் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தை எழுதினார். இந்திய ஆறுகளில் எந்த மீனை எப்படித் தூண்டிலில் பிடிப்பது என்று வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்த புத்தகம். அதில் மகசீர் மீன்தான் ஹீரோ. 1887-ல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றித் தனியாக இன்னொரு புத்தகமும் எழுதினார். அப்புறம் 1946-ல் மைசூரில் இருந்த வான் இங்கன் குடும்பத்துக்காரர் ஒருவர் கபினி ஆற்றில் 120 பவுண்டு மகசீர் ஒன்றைப் பிடித்தார். கிட்டத்தட்ட 54 கிலோ. நம்ம எடைக்குக் கொஞ்சம்தான் கம்மி (சிலருக்கு அதிகம் :-)).

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த விளையாட்டு ஏறக்குறைய மறந்தே போய், 1970-களின் கடைசியில் இங்கிலாந்துக்காரர்கள் சிலர் வந்து மறுபடியும் காவிரியில் பெரிய மகசீர் பிடித்துக் காட்டினார்கள். பீமேஸ்வரி, காலிபோரே என்று கர்நாடகக் காவிரிக் கரையில் முகாம்கள் வந்தன. உள்ளூர் ஆட்கள் பரிசல் ஓட்டி வழிகாட்டினார்கள். அதில் சிலர் அதுக்கு முன்னாடி அதே ஆத்துல திருட்டுத்தனமா மீன் பிடிச்சவங்கதான். பிடித்த மீனை எடை போட்டு, போட்டோ எடுத்து, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். அந்த இடங்கள் காவிரி வனவிலங்கு சரணாலய எல்லைக்குள் வருவதால் பின்னாளில் தூண்டில் போடுவதே நின்றுபோனது. இதில் ஒரு வேடிக்கை. 100 வருஷத்துக்கு மேல் அத்தனை பேர் பிடித்து, அளந்து, படம் எடுத்த அந்தக் காவிரிப் பெருமீன் எந்த இனம் என்பது அறிவியல்படி 2018-ல்தான் உறுதியானது. உறுதியானபோதே அது அழிவின் விளிம்பில் இருந்தது.

சரி, எண்ணூருக்கு வருவோம்.

கொசஸ்தலை ஆறு சுமார் 136 கிலோமீட்டர் ஓடி, நடுவில் பூண்டியில் கொஞ்சம் நின்று (அந்த ஏரி 1944-ல் முடிந்தது, மேயர் சத்தியமூர்த்தி பேர் வைத்தார்கள்), எண்ணூரில் கடலில் சேருகிறது. சேருகிற இடத்தில் உப்பங்கழியாக விரிகிறது. வடக்கே அப்படியே போனால் பழவேற்காடு. இன்னிக்கு எண்ணூர்னு சொன்னா மூக்கைப் பொத்தறவங்க நம்ப மாட்டாங்க, ஒரு காலத்துல மதராஸ் வெள்ளைக்காரத் துரைமாருங்க ஓய்வெடுக்கப் போன ஊர் இது. கழி ஓரம் பங்களா, பாய்மரப் படகு, மீன்னு ஜாலியா இருந்திருக்காங்க. இன்னிக்கு ஈசிஆர் மாதிரின்னு வெச்சுக்கங்க.

அங்கே போக ஒரு வழியையும் போட்டார்கள். 1806-ல் பேசில் காக்ரேன் என்பவர் மதராஸிலிருந்து எண்ணூர் வரை 11 மைலுக்கு ஒரு கால்வாய் வெட்டினார். முதலில் அவர் பெயரில் காக்ரேன் கால்வாய். 1837-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டு வடக்கே நீட்டிக்கொண்டே போனது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வந்த ஜனங்களை வைத்து நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்தவர் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அதுதான் நாம எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு கடந்து போற பக்கிங்காம் கால்வாய். உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போன தண்ணி அது. தெற்கே மாமல்லபுரத்துக்கு அதே கால்வாயில் படகில் போனதைப் பாரதிதாசன் கவிதையாவே எழுதியிருக்கார்.

காக்ரேன் பற்றி ஒரு உபரித் தகவல். மனுஷன் இங்கே காண்டிராக்டில் நல்லா சம்பாதிச்சுட்டு லண்டன் போய் ஒரு நீராவிக் குளியல் நிலையம் வெச்சார். அங்கே வேலை பார்த்தவர்களில் ஒருவர் பாட்னாக்காரரான சேக் தீன் முகமது. அவர்தான் 1810-ல் லண்டனின் முதல் இந்தியச் சாப்பாட்டுக் கடையைத் திறந்தவர். நம்ம எண்ணூர்க் கால்வாய்க்காரர் வழியா எங்கெங்கேயோ முடிச்சு விழுது பாருங்க.

அந்தக் காலத்து வேட்டை, தூண்டில் புத்தகங்களைப் படிக்கும்போது எனக்கு ஒண்ணு மட்டும் உறுத்தும். மீனோட எடை அவுன்ஸ் கணக்கா இருக்கும். ஆனா மீன் எங்கே நிக்குதுன்னு காட்டிக்கொடுத்த ஆள் பெரும்பாலும் 'ஒரு மீனவன்', அவ்வளவுதான். இந்தப் பழக்கத்திலிருந்து கொஞ்சம் விலகி நின்றவர்கள் ரெண்டு பேரை எனக்குப் பிடிக்கும். ஒருத்தர் ஃபிரடெரிக் நிக்கல்சன். கூட்டுறவு இயக்கத்துக்கு விதை போட்டாரே, அதே ஆள். 1907-ல் தொடங்கிய மதறாஸ் மீன்வளத் துறைக்கும் அவர்தான் பிள்ளையார் சுழி. மீனைப் பதப்படுத்தும் சோதனைகளை அவர் ஆரம்பித்த இடம் வேறெங்கும் இல்லை, எண்ணூர்தான். இன்னொருத்தர் அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஹார்னெல். பழவேற்காட்டில் சிப்பி வளர்த்துப் பார்த்தவர். மதறாஸ் மாகாணத்து வலை, படகு, கட்டுமரம் ஒவ்வொண்ணையும் எப்படிக் கட்டறாங்க, எப்படி இறக்கறாங்கன்னு பொறுமையா எழுதி வெச்சிருக்கார். மீனவனுக்குத் தெரிஞ்சது ஒரு அறிவுதான்னு ஒத்துக்கிட்ட எழுத்து.

பழவேற்காட்டில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. சர்வர்ல ரிசோர்ஸ் பங்கு போட நாங்க மண்டையை உடைச்சுக்கற விஷயத்தை, எந்த மென்பொருளும் இல்லாம எத்தனையோ தலைமுறையா செஞ்சுக்கிட்டு வராங்க. எங்க டேமேஜர் (மேனேஜர்தான்) அங்கே போய் ஒரு மாசம் உட்காரலாம்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை விடியகாலைல, காட்டுக்குப்பத்துல தெரிஞ்சவர் மூலமா ஒரு அண்ணனைப் பிடிச்சோம். ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். நண்பர் "கைடு சார்ஜ் எவ்வளவு?"ன்னு கேட்டார். அண்ணனுக்கு அந்த வார்த்தையே புதுசு. "ஒரு நாள் வலை போட்டா இன்னா வருமோ அத்தக் குடுங்க தம்பி. அதுவும் இப்பல்லாம் பெருசா ஒண்ணும் வர்ல." சவாரிப் படகு இல்லை இது, மீன் பிடிக்கிற படகுன்னு தெளிவா சொன்னார். 2011 கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பழவேற்காட்டுல சுற்றிப்பார்க்கப் போன படகு கவிழ்ந்து 22 பேர் செத்தது இந்தப் பக்கத்துல யாருக்கும் மறக்கலை. ரெண்டு பேருக்கும் லைப் ஜாக்கெட் இல்லாம படகுல கால் வைக்க விடலை.

பாலத்துக்கு அடியில் நுழைந்து கொஞ்சம் மேற்கே போனோம். அலையாத்திச் செடிகள் ஒட்டு ஒட்டாக. கொக்கு, நீர்க்காகம், தூரத்துல ரெண்டு கூழைக்கடா. நிஜமாவே அழகா இருந்துச்சு. நிமிர்ந்து பார்த்தா சுத்தி வரப் புகைபோக்கி. வடசென்னை அனல்மின் நிலையம் 1994-ல் வந்தது. கழிக்கு வடக்கே துறைமுகம் 2001-ல். அதுக்கெல்லாம் முன்னாடி 1970-ல் வந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. குழாய்களிலிருந்து கசிந்த நிலக்கரிச் சாம்பல் வருஷக்கணக்கில் ஆற்றின் அடியில் படிந்திருக்கிறது. அண்ணன் துடுப்பை நட்டுக்கா இறக்கிக் காட்டினார். பாதிகூட முழுகலை. "நான் சின்னப் பையனா இருக்கசொல்ல இங்க இது முழுசா உள்ள பூடும். தரையே தட்டாது." தூக்கும்போது நுனியில் சாம்பல் நிறத்தில் சேறு.

அந்தச் சேற்றில் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்ததைப் பிய்த்துக் காட்டினார். காக்கா ஆழி. தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த கறுப்புச் சிப்பி. கப்பல்களின் அடிநீரில் ஏறி வந்திருக்கும் என்கிறார்கள். ஆற்றுப் படுகையைக் கம்பளி போல மூடிவிடுகிறது. இறால் மண்ணுக்குள் பதுங்க இடமில்லை. இருளர் பெண்கள் தண்ணியில் உட்கார்ந்தபடியே கையால் துழாவி இறால் பிடிப்பார்கள், பறி ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு. இப்போ துழாவினா விரலைக் கிழிக்குதாம்.

அப்போதான் அண்ணன் கேட்டார். "உங்க நைனா எந்தக் கம்பெனி தம்பி?"

திருவொற்றியூர் பையன்னு சொன்னாலே இந்தக் கேள்வி வந்துடும். எங்க அப்பா இந்தப் பக்கத்துல ஒரு கம்பெனியில 31 வருஷம் ஷிப்ட் பார்த்தவர். பேர் வேணாம். நான் படிச்ச இன்ஜினியரிங், உட்கார்ந்திருக்கற நாற்காலி, இதை அடிக்கற பொட்டி எல்லாமே அந்தச் சம்பளம். அவங்க தண்ணி எங்கே போகுதுன்னு எங்க வீட்டுல யாரும் கேட்டதில்லை. 2017 ஜனவரி 28-ஆம் தேதி ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்போ காலேஜ் பசங்களோட எர்ணாவூர்ப் பாறைல நின்னு வாளியில அள்ளினவன்தான் நானும். அன்னிக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கமிருந்து இதே கழிக்கு எண்ணெய் வந்தப்போ, எனக்கு ரிலீஸ் இருந்துச்சு. டிவியிலதான் பார்த்தேன். படகு வெச்சிருந்தவங்க வெறுங்கையால வாரிக்கிட்டிருந்தாங்க.

கம்பெனிப் பேரைச் சொன்னேன். அண்ணன் முகம் சுளிப்பார்னு எதிர்பார்த்தேன். "ம்ம்... என் பெரிய பையன் அங்கதான் கான்ட்ராக்ட்ல போறான்"னு சொல்லிட்டு நங்கூரக் கல்லை இறக்கினார். அந்தப் பதிலை எங்கே வைக்கறதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியலை.

இனி மீன். நண்பரோட போலி இரை ஒண்ணும் எடுபடலை. ஒரு மணி நேரம் கழிச்சு அண்ணன் சிரிச்சுக்கிட்டே நூல்ல இறால் துண்டு மாட்டிக் குடுத்தார். நீரோட்டம் திரும்பற நேரம், இந்தத் திட்டுக்கு இடது பக்கம் போடுங்கன்னார். அஞ்சே நிமிஷத்துல ஒரு கொடுவா, ஒரு கிலோவுக்கு மேல இருக்கும். நண்பர் ஒரே குஷி. போட்டோ எடுத்தார். அப்புறம் காவிரி முகாம் பழக்கத்துல, பதமா கொக்கியை எடுத்துத் தண்ணிக்குள்ள விட்டுட்டார்.

அண்ணன் மீன் போன திசையையே பார்த்துக்கிட்டு இருந்தார். "ஏன் தம்பி உட்டுட்டீங்க?" நண்பர், மீன் இனம் பெருகணும்னு என்னென்னமோ விளக்கினார். நானும் தமிழ்ல சொல்லிப் பார்த்தேன். தாமஸில் ஆரம்பிச்சு மகசீர் வரைக்கும் நான் படிச்ச அத்தனையும் அந்தப் படகுல ஒரு பைசாவுக்குப் பிரயோஜனப்படலை. "ஒரு கிலோ கொடுவா இன்னா வெல தெரியுமா?"ன்னு மட்டும் கேட்டார். அதுக்கப்புறம் தூண்டில்ல எது விழுந்தாலும் அவரே கழட்டித் தன் கூடையில போட்டுக்கிட்டார். நண்பரும் வாய் திறக்கலை. மொத்தம் ரெண்டு கெளுத்தி, ஒரு கிழங்கான். கெளுத்தி முள்ளு என் கையில ஏறி ரெண்டு நாள் கீபோர்டு தட்ட முடியலைங்கறது தனிக்கதை.

பக்கத்துல சுத்திப் பார்க்கணும்னா மத்தியானத்துக்கு மேல பழவேற்காடு போங்க. டச்சுக்காரங்க 1613-ல கட்டின கெல்டிரியா கோட்டை இப்போ வெறும் மேடுதான். ஆனா டச்சுக் கல்லறைத் தோட்டம் அவசியம் பார்க்கணும். நாங்க போகலை, வெயில் மண்டையைப் பொளந்துடுச்சு.

கிளம்பும்போது அண்ணன் காலையில வலையில எடுத்து வெச்சிருந்த நாலு மடவையைப் பையில போட்டுக் குடுத்தார். காசு குடுத்தா வாங்கலை. "நைனாகிட்ட குடு. அவருக்கு இந்த ஆத்து மீனு ருசி தெரியும்."

தெரியும்தான். நான் சின்னப் பையனா இருந்தப்போ நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து, தூங்காம, சைக்கிள்ல என்னை முன்னாடி உட்கார வெச்சு இதே கரைக்குக் கூட்டிட்டு வந்து கைத்தூண்டில் போட்டவர். எப்போ நிறுத்தினார்னு நான் யோசிச்சதே இல்லை.

வீட்டுல பையைப் பிரிச்சதும் அம்மா, "எண்ணூர் மீனா? எனக்கு வேணாம்ப்பா"ன்னு தள்ளி நின்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லலை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, ஒவ்வொரு மடவையா எடுத்துச் செவுளைத் தூக்கி, மூக்குகிட்ட வெச்சு ரொம்ப நேரம் மோந்து பார்த்தார். நாலாவதையும் பார்த்துட்டு, "எண்ணெய் வாடை இல்லை"ன்னு சொல்லி அரிவாள்மனையை அவரே இழுத்துப் போட்டுக்கிட்டு உட்கார்ந்தார்.